கெம்பம்மாவின் செருப்பு

நஞ்சம்மா மெஸ்ஸில் காபி சில நாள் ஆறிப்போய்க் கிடைக்கும். செய்தி மட்டும் எப்போதும் கொதிக்கக் கொதிக்கத்தான் கிடைக்கும். ஓசூர் பாகலூர் ரோட்டில் ஷிப்ட் விட்டு வருகிற கம்பெனி ஆட்கள் அவளுடைய இட்லிக்காக வருகிறார்களா, ஊர்க்கதைக்காக வருகிறார்களா என்பது அவளுக்கே தெரியாது. அவளுக்குத் தெரியாத விஷயம் என்று ஓசூரில் இருந்தது அது ஒன்றுதான்.

மெஸ்ஸுக்கு மேல் மாடியறையில் குடியிருந்தவர் அருள்ஜோசப். போலீஸில் இன்ஸ்பெக்டராக இருந்து, மேலதிகாரி ஒருவரிடம் தேவைக்கு அதிகமாக உண்மையைப் பேசிவிட்டு, முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். கம்பெனிகளிலும் நூல் ஆலைகளிலும் காணாமல் போகிற தாமிரக் கம்பியும் பட்டு நூலும் எந்த வழியாகப் போகின்றன என்று கண்டுபிடித்துச் சொல்வது இப்போது அவர் பிழைப்பு. மனிதர் அதிகம் பேச மாட்டார். அந்தக் குறையை நிரப்புவது வீட்டுச் சொந்தக்காரி என்ற முறையில் தன் பொறுப்பு என்று நஞ்சம்மா எடுத்துக்கொண்டிருந்தாள்.

எண்பத்தாறாம் வருஷம், ஏப்ரல் மாதம், ஒரு சனிக்கிழமை காலை அந்த இளம்பெண் மாடிப்படி ஏறினாள். கைத்தறிச் சேலை, கழுத்தில் சின்னச் சிலுவை, அழுது வீங்கிய கண். யாரோ கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லி ஏமாற்றியிருக்கிறான் என்று நஞ்சம்மா முடிவு கட்டினாள். யாரும் கேட்காத காபியை டம்ளரில் ஊற்றிக்கொண்டு பின்னாலேயே ஏறினாள். போய்ப் பார்த்தால் விஷயம் கல்யாணம் இல்லை, கொலை. அவளுக்கு அதில் ஏமாற்றம் என்று சொல்ல முடியாது.

"என் பேரு ஆரோக்கியசெல்வி சார். ராயக்கோட்டை ரோட்டுல நல்வழி இல்லத்துல டீச்சர். தஞ்சாவூர்ப் பக்கத்துல இருந்து வந்து ரெண்டு மாசந்தான் ஆகுது."

நல்வழி இல்லம் என்றால் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். வீட்டை விட்டு ஓடினவள், கடையில் திருடினவள், சித்தியின் கையைக் கடித்தவள், ஒன்றுமே செய்யாமல் சும்மா பாரமாக இருந்தவள் என்று பல வகைப் பெண்களைக் கோர்ட்டும் குடும்பமும் அங்கே அனுப்பும். சுவர் மேல் கண்ணாடிச் சில்லு பதித்திருக்கும். உள்ளே பெண்கள் பட்டுப்புழு வளர்ப்பார்கள். வெளியே அடி சத்தம் கேட்காது என்பது ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி.

"எங்க வார்டன் கெம்பம்மாவை நேத்து சாயந்திரம் கொன்னுட்டாங்க சார்" என்றாள் ஆரோக்கியசெல்வி. "பிரார்த்தனை நேரம். பொண்ணுங்க எல்லாரும் முன் ஹால்ல என்கூடப் பாடிக்கிட்டிருந்தாங்க. செல்லிங்கிற பொண்ணு மட்டும் இல்லை. சாயந்திரம் புழுவுக்கு இலை போடுறது அவ வேலை. அதனால அவ எப்பவும் பிரார்த்தனைக்கு வர மாட்டா. பாட்டு முடிஞ்சும் வார்டன் வரலை. செயலாளர் திம்மப்பன், 'புழுக்கொட்டகையில பார்க்கலாம் வாங்க'ன்னு என்னைக் கூட்டிட்டுப் போனார். வாசல்லயே நின்னு டார்ச் அடிச்சார். நான் உள்ள போனேன்."

"என்ன பார்த்தீங்க?"

"கழுத்து அறுந்து கெடந்தாங்க. இலை நறுக்குற கத்தி பக்கத்துல கெடந்துச்சு. நான் முகத்தைப் பார்க்கலை சார், பயம். காலையே பார்த்துக்கிட்டு நின்னேன். செருப்பெல்லாம் ஈரச் செம்மண். இப்பவும் கண்ணை மூடினா அந்தச் செருப்புதான் வருது." டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "தட்டு பூராவும் புதுசா இலை போட்டிருந்துச்சு. செயலாளர் அதைக் காட்டித்தான் போலீஸ்ல சொன்னார். இலை போட வந்தவ செல்லி, வார்டனோட சண்டை வந்திருக்கும், கத்தி கைக்குப் பக்கத்துல இருந்திருக்கும்னு. வியாழக்கிழமைதான் வார்டன் அவளைக் குச்சியால அடிச்சு உள்ளங்கையைக் கிழிச்சிருந்தாங்க. 'ஒரு நாள் உன்னை அறுத்துப் போடுவேன்'னு அவ கத்தினதை எல்லாரும் கேட்டோம்."

"செல்லி என்ன சொல்றா?"

"வாயே திறக்கலை. இருட்டறையில போட்டுப் பூட்டியிருக்காங்க. தர்மபுரியில இருந்து பெண் போலீஸ் சாயந்திரம் வருது. கொண்டுபோயிருவாங்க. பதினாறு வயசுதான் சார்."

"அவ செய்யலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. ஆனா யாரும் அவளைக் கேட்கவே இல்லையே. அதான் வந்தேன்."

அருள்ஜோசப் எழுந்து சட்டையை மாட்டினார். நஞ்சம்மா கீழே இறங்கி, கல்லாவை மெஸ்ஸில் பரிமாறுகிற தங்கமணியிடம் ஒப்படைத்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நீங்க எதுக்குங்க?" என்று கேட்டார் அவர்.

"அது பொம்பளப் புள்ளைங்க இருக்கிற எடம். தனி ஆம்பளையா எப்படிப் போவீங்க? ஏதோ உங்க மானத்துக்காக வர்றேன்."

இல்லத்தின் கேட்டில் ஆளைவிட மீசை பெரிதாக ஒருவன் உட்கார்ந்திருந்தான். வாட்ச்மேன் மதுரைவீரன். கன்னத்தில் எலுமிச்சங்காய் அளவுக்குப் புகையிலை. அடிக்கிற கை, சிவந்த கண். 'இவன்தான்' என்று நஞ்சம்மா உள்ளே நுழைவதற்கு முன்பே வழக்கை முடித்துவிட்டாள்.

"நேத்து சாயந்திரம் எங்கே இருந்தே?" என்றார் அருள்ஜோசப்.

"கேட்லதாங். மத்தியானம் தோட்டத்துக் கடைசி மூலைக்கு மட்டும் தண்ணி கட்டினேன். அதுக்குள்ள கரண்ட் போயிருச்சு. மத்த எடமெல்லாம் காஞ்சு கெடக்குது."

"கொட்டகைப் பக்கம் போனியா?"

"அந்தப் பக்கமே போறதில்லீங். போன வருசம் ஆள் இல்லைன்னு ஒரு கை இலை அள்ளிப் போட்டேன். என் கையில இருந்த புகையிலை பட்டு ரெண்டு தட்டுப் புழு வாந்தி எடுத்துச் செத்துப்போச்சு. ஆம்பளைன்னும் பாக்காம அந்தம்மா விளக்குமாத்தால வெளுத்துச்சு. அப்பறம் எவன் போவான்?"

"அந்தக் கோவத்தை வெச்சிருந்து தீர்த்துக்கிட்டயோ?" என்றாள் நஞ்சம்மா.

"விளக்குமாத்தடிக்கெல்லாம் கொலை பண்றதுன்னா என் பொண்டாட்டி எப்பவோ போயிருக்கணும்" என்றான் மதுரைவீரன், புகையிலைச் சாற்றைத் துப்பிவிட்டு.

செயலாளர் திம்மப்பன் ஆபீஸில் இருந்தார். பட்டுச் சட்டை, தோல் செருப்பு, கையில் தங்கச் சங்கிலிக் கடிகாரம். சுவர் நிறையப் போட்டோ. மந்திரி மாதிரி யாரிடமோ கேடயம் வாங்குகிற திம்மப்பன், மைக் முன்னால் திம்மப்பன், மஞ்சள் பட்டுக்கூடுகளை இரண்டு கையிலும் அள்ளி நிற்கிற திம்மப்பன். ஒரு படத்தில்கூட ஒரு புழு இல்லை என்பதை அருள்ஜோசப் கவனித்தாரோ என்னவோ, ஒவ்வொன்றாக நின்று பார்த்தார். நஞ்சம்மா பார்த்தது சட்டையின் விலையை.

"டீச்சரம்மா சின்னப் பொண்ணு, கலங்கிப் போயிருக்காங்க" என்றார் திம்மப்பன். "இதுல துப்பறிய ஒண்ணுமில்லீங்க. பிரார்த்தனை மணி அடிக்கிறப்போ நான் கொட்டகையைத் தாண்டித்தான் ஆபீசுக்கு வந்தேன். உள்ள புழு இலை திங்கிற சத்தம் கேட்டுச்சு. ஓட்டு மேல மழை பெய்யுற மாதிரி. மேடையில நான் எப்பவும் சொல்றதுதான். அப்போ செல்லி இலை போட்டுட்டா, உள்ளதான் இருக்கான்னு அர்த்தம். கெம்பம்மா அதுக்கப்பறம் போயிருக்கா. அவ்வளவுதான்."

"பாட்டு நடக்கிறப்போ நீங்க?"

"இங்கதான். நான் பிரார்த்தனைக்குப் போறதில்லை."

"தோட்டம், கொட்டகை எல்லாம் நீங்களே கவனிப்பீங்களா?"

"தினம் போயிருவேன். இந்தப் புழுக்களை என் புள்ளைங்க மாதிரி வளர்த்தவன் நான்."

நஞ்சம்மாவுக்கு வாய் நமநமவென்றது. "பொங்கலுக்கு முந்தி ஒரு பொண்ணு ஓடிப்போச்சாமே?"

திம்மப்பன் அவளை முதல் தடவையாகப் பார்த்தார். "மாரம்மா. சுவரேறிக் குதிச்சு பெங்களூர் பஸ் ஏறிட்டா. அப்படிப்பட்ட பொண்ணுங்கதான் இங்க எல்லாம்."

கொட்டகை வாசலில் சமையற்காரி பார்வதி நின்றிருந்தாள். கெலமங்கலத்தில் பட்டுப்புழு வளர்க்கிற வீட்டில் பிறந்தவள். கரண்டி பிடித்துத் தடித்த கை. நஞ்சம்மா உள்ளே கால் வைக்கப் போனபோது அந்தக் கை குறுக்கே வந்தது.

"செருப்பைக் கழட்டுங்க அக்கா. அந்த மருந்துக் கோணியில காலை நனைச்சுட்டு உள்ள வாங்க. புழுவுக்குச் சீக்கு வந்துரும்."

"அந்தப் புழுவுக்கு என் காலா ஆகாது?"

"செருப்போட நுழைஞ்சான்னு கெம்பம்மா ஒரு புள்ளையோட குதிகாலை இரும்புக் கம்பியைக் காய்ச்சிச் சுட்டா. அதுல இருந்து தூக்கத்துல கூட நாங்க யாரும் மறக்க மாட்டோம்."

நஞ்சம்மா மறுபேச்சில்லாமல் செருப்பைக் கழற்றினாள். உள்ளே அடுக்கடுக்காக மூங்கில் தட்டுகள். அவற்றில் சுண்ணாம்புத்தூள் தூவி, அதற்கு மேல் இலை. இலை வாடிச் சுருண்டு கிடந்தது. இலைக்கு அடியில் விரல் நீளப் புழுக்கள் தலையைத் தூக்கி அப்படியே அசையாமல், பூசை மணிக்குக் காத்திருப்பவைபோல இருந்தன. ஒரு சத்தமும் இல்லை. நஞ்சம்மாவுக்கு உடம்பு கூசியது.

"புழு ஏதாவது செத்திருக்கா?" என்று கேட்டார் அருள்ஜோசப்.

"இல்லீங்க. ஒண்ணுகூடச் சாகலை" என்றாள் பார்வதி.

"திங்கவும் இல்லையே" என்றாள் நஞ்சம்மா. "கொலையைப் பார்த்துப் பயந்துபோயிருக்கும், பாவம்."

பார்வதி ஏதோ சொல்ல வாய் எடுத்தாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

தரையில் ரத்தக் கறை ஒரு சோற்றுத் தட்டு அளவுக்கு இருந்தது. நஞ்சம்மா குனிந்து பார்த்து முகம் சுளித்தாள். "இவ்வளவுதானா? ஞாயித்துக்கிழமை நான் ஒரு கோழி அறுத்தாலே இதை விட அதிகமாத் தெறிக்கும். முழு மனுஷி கழுத்து, எங்க போச்சு ரத்தம்?"

அருள்ஜோசப் அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. அது எதற்கு என்று புரியாவிட்டாலும் அவள் வாங்கி வைத்துக்கொண்டாள்.

அங்கிருந்து அவர் மல்பெரித் தோட்டத்துக்குள் இறங்கினார். மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கடைசி மூலையில் மட்டும் செம்மண் இன்னும் ஈரமாக இருந்தது. அங்கே ஒரு வாழையிலைத் துண்டு கவிழ்ந்து, சோறு சேற்றில் மிதிபட்டுக் கிடந்தது. காக்கைகள் மிச்சத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தன. வேலியோரம் ஒரு மண்வெட்டி. கழுவி வைத்திருந்தார்கள். காம்பும் இரும்பும் சேருகிற இடுக்கில் மட்டும் ஏதோ காய்ந்து கறுத்திருந்தது. அதில் ஒரு நரைமுடி ஒட்டியிருந்தது. நஞ்சம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இங்கே எதுக்கு இலை போட்டுச் சோறு?" என்று கேட்டார் அவர். "எங்க பக்கம் இந்த வழக்கம் கிடையாது. நீங்க சொல்லுங்க."

"காக்காய்க்கு வெச்சது. செத்தவங்களுக்காக வெப்பாங்க."

பின்னால் வந்து நின்ற பார்வதி மெதுவாகச் சொன்னாள். "கெம்பம்மாதான் வெப்பா. வெள்ளிக்கிழமை சாயந்திரமானா எங்கிட்டச் சோறு வாங்கிட்டு வந்துருவா. பொங்கல்ல இருந்து இப்படித்தான். உயிரோட இருக்கிற புள்ளைங்களுக்கு ஒரு கரண்டி கொறைச்சுப் போடச் சொல்றவ, காக்காய்க்கு மட்டும் அள்ளி அள்ளி வெப்பா. இப்பக் கொஞ்ச நாளா அவளும் சரியாச் சாப்பிடலை. அடுத்த வாரம் ஜட்ஜு அம்மா பார்க்க வர்றப்போ ஒண்ணு சொல்லணும், சொல்லிட்டா சோறு எறங்கும்னா. திம்மப்பன் சார்கிட்டயும் சொல்லிட்டேன்னா."

"என்ன சொல்லணும்னு கேட்டீங்களா?"

"அவகிட்டக் கேள்வி கேட்டுட்டு யாரு அடி வாங்குறது?"

இருட்டறைக்கு ஒரு கையகல ஜன்னல் இருந்தது. உள்ளே மூலையில் ஒரு பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு கிழிந்து ஒரு கண் மூடிக்கொண்டிருந்தது. உள்ளங்கையில் சுற்றிய துணி ரத்தத்தில் விறைத்துப்போயிருந்தது. பெரியவர்கள் யாரோ விசாரித்த லட்சணம் அது. நஞ்சம்மா ஜன்னலில் முகத்தை வைத்து, "ஊட்டா ஆய்த்தா கண்ணு?" என்றாள். சாப்பிட்டாயா என்று யாரும் கேட்டு நாளாகியிருக்க வேண்டும். செல்லி தலையை மட்டும் ஆட்டினாள், இல்லையென்று.

"ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன்மா" என்றார் அருள்ஜோசப். "நேத்து சாயந்திரம் புழுவுக்கு இலை போட்டியா?"

செல்லி நிமிர்ந்தாள். நல்ல கண் அகன்றது. கேட்கக்கூடாத பைத்தியக்காரக் கேள்வியைக் கேட்டவரைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தாள்.

"சரி. யாரைப் பார்த்தே?"

அவள் பார்வை ஒரு கணம் சமையற்கட்டுப் பக்கம் போய், சட்டென்று தரைக்கு இறங்கியது.

"போச்சு" என்றாள் நஞ்சம்மா, திரும்பி நடக்கும்போது. "சமையற்காரிதான். அந்தக் கையைப் பார்த்தீங்களா, உலக்கை மாதிரி."

"காலையில வாட்ச்மேன்னு சொன்னீங்க."

"காலையில அவன். மத்தியானம் இவ. நீங்களுந்தான் இன்னும் ஒருத்தர் பேரும் சொல்லலை."

அவர் பார்வதியைக் கூப்பிட்டு, வாடின இலையை எடுத்துவிட்டு, நேரம் பார்த்துப் புது இலை போடச் சொன்னார். அந்த நேரம் என்னவென்று பார்வதிக்குத் தெரியும் போலிருந்தது. எதுவும் கேட்காமல் போனாள்.

வெயில் சாயும்போது போலீஸ் ஜீப் வந்தது. சப் இன்ஸ்பெக்டர் ஒரு காலத்தில் அருள்ஜோசப்பிடம் வேலை கற்றவர். இரண்டு பெண் காவலர்கள் செல்லியை வெளியே கொண்டுவந்து கையில் கயிறு கட்டினார்கள்.

"கொஞ்ச நேரம் கொடுப்பா" என்றார் அருள்ஜோசப். "கொலை நடந்த இடத்தை எல்லாரும் ஒரு தடவை பார்த்துரலாம். வாங்க, கொட்டகைக்குள்ள போவோம்."

பார்வதி செருப்பைக் கழற்றிக் கோணியில் காலை நனைத்தாள். ஆரோக்கியசெல்வி நனைத்தாள். கை கட்டப்பட்டிருந்த செல்லிகூட யாரும் சொல்லாமலே நின்று, வெறுங்காலை நனைத்துவிட்டு உள்ளே போனாள். மதுரைவீரன் வாசலுக்கு வெளியே பத்தடி தள்ளி நின்றுகொண்டான். காலையில் பாடம் படித்திருந்த நஞ்சம்மா போலீஸ்காரர்களின் பூட்ஸைக்கூடக் கழற்றவைத்தாள். அப்போது திம்மப்பன் வந்தார். தோல் செருப்புச் சரசரக்கக் கோணியைத் தாண்டி நேராக உள்ளே நடந்தார்.

செல்லியின் கண் அந்தச் செருப்பிலேயே நின்றது. பார்வதியின் கண்ணும்.

"திம்மப்பன் சார்" என்றார் அருள்ஜோசப். "இந்தச் சத்தம் கேட்குதா?"

கொட்டகை முழுவதும் ஒரு சத்தம் இருந்தது. மேலே ஓட்டில் தூறல் விழுவதுபோல, சரசரவென்று, நிற்காமல். நஞ்சம்மா கூரையை நிமிர்ந்து பார்த்தாள்.

"புழு சாப்பிடுது" என்றார் திம்மப்பன். "மழைச் சத்தம்னு நான்தான் சொன்னேனே."

"சொன்னீங்க. ஆனா காலையில நாங்க வந்தப்போ இந்தச் சத்தம் இல்லை. நேத்து சாயந்திரமும் இருந்திருக்க முடியாது. பார்வதியம்மா, ஏன்னு சொல்லுங்க."

பார்வதி முந்தானையைப் பிடித்து முறுக்கினாள். "நேத்து மத்தியானத்துல இருந்து புழு தூக்கத்துல இருந்துச்சுங்க. தோலுரிக்கிற தூக்கம். நாலாவது தடவை. அப்போ தலையைத் தூக்கிட்டு அசையாம நிக்கும், ஒரு வாய் திங்காது. ஈரம் ஆகாதுன்னு சுண்ணாம்பு தூவி விட்டுருவோம். இன்னிக்கு மத்தியானந்தான் எந்திரிச்சுது."

"தூக்கத்துல இலை போடுவீங்களா?"

"போட மாட்டோம். இங்க இருக்கிற சின்னப் புள்ளைகூடப் போடாது. புழு கெட்டுப்போயிரும்."

அருள்ஜோசப் சப் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "இலை போட செல்லி வந்தான்னு கேஸ். ஆனா நேத்து இலை போடுற வேலையே கிடையாது. அப்போ இலையைப் போட்டது யார்? புழுவைப் பத்தி ஒண்ணும் தெரியாத ஆள். செல்லி இங்கே இருந்தான்னு காட்டுறதுக்காகப் போட்ட ஆள். அடுத்தது, கெம்பம்மா காலில் செருப்பு. செருப்போட நுழைஞ்ச பொண்ணுக்குச் சூடு வெச்சவ, தானே செருப்போட உள்ள வருவாளா? நடந்து வரலை. தூக்கிட்டு வந்திருக்காங்க. செத்த உடம்போட கழுத்தை இங்கே அறுத்தா ரத்தம் பாயாது. நஞ்சம்மா அதைக் கோழிக் கணக்குல சொன்னாங்க."

நஞ்சம்மா நிமிர்ந்து நின்றாள்.

"செருப்புல ஈரச் செம்மண். நேத்து இந்த இடத்துல ஈரம் இருந்தது ஒரே மூலையில. அங்கே காக்காய்க்குச் சோறு வைக்கக் குனிஞ்சவளைப் பின்னால இருந்து மண்வெட்டியால அடிச்சிருக்காங்க. மண்வெட்டி வேலியோரம் இருக்கு. அவ தலைமுடி இன்னும் அதுல இருக்கு."

"தூக்குற பலம் அவனுக்குத்தான் உண்டு" என்று திம்மப்பன் வாசல் பக்கம் கையைக் காட்டினார். "வெளியூர்க்காரன். குடிகாரன்."

"அவன் கையில் எப்பவும் புகையிலை. அவன் அள்ளிப் போட்ட இலையா இருந்தா தூக்கம் கலைஞ்சு வாய் வைக்கிறதுக்கு முன்னாடியே, பட்ட இடத்துலயே பாதிப் புழு துடிச்சிருக்கும். ஒண்ணுகூடச் சாகலை. பார்வதியம்மா புழு வளர்க்கிற வீட்டுல பிறந்தவங்க. டீச்சருக்குப் புழுவைப் பத்தித் தெரியாது; ஆனா அத்தனை பொண்ணுங்க முன்னாடி பாடிக்கிட்டிருந்தாங்க. மிச்சம் ஒருத்தர். தினம் கொட்டகைக்கு வர்றதாச் சொல்றவர். தூங்குற புழு இலை திங்கிற சத்தத்தைக் கேட்டவர். இப்பவும் செருப்போட நிக்கிறவர்."

எல்லோரும் கீழே பார்த்தார்கள். திம்மப்பனும் பார்த்தார்.

"நான் எதுக்குக் கெம்பம்மாவைக் கொல்லணும்?" குரல் மேடைக் குரலாகத்தான் இருந்தது.

"மூணு மாசமா அவ வெள்ளிக்கிழமை தவறாம அந்த மூலையில சோறு வெச்சா. பெங்களூர் பஸ் ஏறிப் போனவளுக்கு யாரும் காக்காய்க்குச் சோறு வைக்க மாட்டாங்க. மாரம்மா எங்கேயும் போகலை. இந்தத் தோட்டத்துலதான் இருக்கா. அதைக் கெம்பம்மா ஜட்ஜ்கிட்டச் சொல்லப் போறேன்னா."

அதற்குப் பிறகு நடந்தது கண்ணிமைக்கிற நேரம். திம்மப்பன் தட்டு அடுக்கை உதைத்துத் தள்ளினார். புழுவும் இலையும் போலீஸ்காரர்கள் மேல் சரிந்தன. கூரையில் செருகியிருந்த கவாத்து அரிவாளை உருவி, செல்லியின் தலைமுடியைச் சுருட்டிப் பிடித்து, கழுத்தில் அரிவாளை வைத்தார். சப் இன்ஸ்பெக்டர் பாய்ந்தார். அரிவாள் ஒரு வீச்சில் அவர் முன்கையை எலும்பு தெரியப் பிளந்துவிட்டு மறுபடி செல்லியின் கழுத்துக்கு வந்தது. அவள் தோளில் கோடு போட்டதுபோல ரத்தம் இறங்கியது.

"வழியை விடுங்க. ஒருத்தியைப் புதைச்சவனுக்கு இன்னொருத்தி பெரிசில்லை."

வாசலை மறித்து நின்றது நஞ்சம்மாதான். துணிச்சலால் இல்லை, கால் நகரவில்லை. கைக்குப் பக்கத்தில் சுண்ணாம்புத்தூள் தகரம் திறந்திருந்தது. அதை இரண்டு கையாலும் எடுத்து, மெஸ்ஸில் சண்டைக்கு வருகிறவன் மேல் கழுநீரை ஊற்றுகிற அதே பழக்கத்தில், அவர் முகத்தில் கொட்டினாள்.

திம்மப்பன் போட்ட அலறல் கேட் வரைக்கும் கேட்டது. கண்ணைத் தேய்க்கத் தேய்க்கச் சுண்ணாம்பு உள்ளே வெந்தது. அரிவாள் விழுந்தது. பார்வதி ஒரு மூங்கில் தட்டை உடைத்து அந்தக் கழியால் அவர் முழங்காலில் அடித்தாள். மறுபடி அடித்தாள். "செல்லியை அறுப்பியா, அறுப்பியா" என்று அடித்துக்கொண்டே இருந்தாள். பெண் காவலர்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் அவளைப் பிரிக்க முடிந்தது. அவர்கள் அவசரப்படவில்லை என்று நஞ்சம்மா பிறகு எல்லோரிடமும் சொன்னாள்.

ஜீப்பில் ஏற்றும்போது திம்மப்பன் கண்ணுக்குத் தண்ணீர் கேட்டுக் கேட்டுத் தானாகவே சொல்லிவிட்டார். மாரம்மா எதிர்த்துப் பேசினாள், இங்கே அடிக்கிறதை ஜட்ஜிடம் சொல்வேன் என்றாள். பெல்ட்டைக் கழற்றி அடித்தார். அவள் திமிறாமல் இருக்கக் கெம்பம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பெல்ட்டின் கொக்கி நெற்றிப்பொட்டில் பட்டது. "சாகும்னு யாருக்குத் தெரியும்?" என்றார், நியாயம் கேட்பவர் மாதிரி.

செல்லியின் கைக்கயிற்றை ஆரோக்கியசெல்வி பல்லால் கடித்து அவிழ்த்தாள். அருள்ஜோசப் கேட்டார்: "தெரிஞ்சதைச் சொல்லியிருக்கலாமேம்மா?"

ஒரு நாள் முழுக்கத் திறக்காத வாய் கரகரத்தது. "நான் தண்ணித்தொட்டி மேல உட்கார்ந்து ரயில் பாத்துக்கிட்டிருந்தேன். பார்வதியத்தை கொட்டகையில இருந்து ஓடி வந்துச்சு. சேலையில ரத்தம். அத்தைதான் செஞ்சுதுன்னு நெனைச்சேன்."

"நான் கெம்பம்மாவைத் தேடித்தான்டி போனேன்" என்றாள் பார்வதி. "உசிர் இருக்கான்னு அவளைத் தூக்கிப் பாத்ததுல பட்ட ரத்தம் அது. தூங்குற புழு மேல இலையைப் பாத்தேன். உனக்குத்தான் புத்தி பிசகிப்போச்சு, நீதான் அறுத்துட்டேன்னு நெனைச்சேன். அதான் மூச்சு விடலை."

பிறகு செல்லி குனிந்து, தரையில் சிதறிக் கிடந்த புழுக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் போட ஆரம்பித்தாள். தோளிலிருந்து ரத்தம் அதுபாட்டுக்கு வடிந்துகொண்டிருந்தது. "முதல்ல மருந்து போடு" என்று சொன்னவர்களுக்கு, "இதுங்க பட்டினி" என்று மட்டும் சொன்னாள்.

மூலையைத் தோண்டினார்கள். பார்க்க வேண்டாம் என்று அருள்ஜோசப் சொன்னார். நஞ்சம்மா வாழ்க்கையில் எதையாவது பார்க்காமல் திரும்பியதுண்டா? முன்னால் போய் நின்றாள். முழங்கை ஆழத்திலேயே பச்சைக் கண்ணாடி வளையல் தெரிந்தது. வளையல் போட்ட கையும் தெரிந்தது. அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் நிற்க இடமில்லை. நஞ்சம்மா குறை வைக்கவில்லை. செருப்பைச் சொன்னாள், தூங்கிய புழுவைச் சொன்னாள், சுண்ணாம்பு வீசியதை எழுந்து நின்று கையால் செய்து காட்டினாள். ஒவ்வொரு தடவையும் தகரம் கொஞ்சம் பெரிதானது. ஆனால் "அந்த மூலையில தோண்டினாங்களே, என்னக்கா இருந்துச்சு?" என்று யாராவது கேட்டால் மட்டும், "சாம்பார் வேணுமா, சட்னி வேணுமா?" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ராயக்கோட்டை பஸ் கண்டக்டர் கையில் அவள் ஒரு இலைப் பொட்டலத்தைக் கொடுத்தாள். சூடான சோறு, மேலே கொஞ்சம் பருப்பு. நல்வழி இல்லத்து கேட்டில் செல்லியிடம் கொடுக்கச் சொன்னாள்.

"அந்தப் பொண்ணுக்கா?" என்றான் கண்டக்டர்.

"அவளுக்குத் தனியா ரெண்டு இட்லி வெச்சிருக்கேன்" என்றாள் நஞ்சம்மா. "சோறு காக்காய்க்கு."